கூடைப்பந்துப் பாட்டனார் பிரானாஸ் லூபினாஸ்

இலக்கியப் பகுதியிலே பந்தாட்டக்காரர் ஒருவரின் சரிதத்தை யான் எழுதப் புகுந்தது அன்பர் சிலர்க்கு வியப்பாயிருத்தல் கூடும். புலவர், உரையாசிரியர், சமயப் பெரியார் என்போர் வரலாறே இத்தகைய பக்கங்களுக்கு உரியதென்பது நம்மிற் பலரது எண்ணம். ஆயினும், ஒரு மனிதனது வாழ்வு ஒரு மொழியின் வாழ்வோடும் ஒரு நாட்டின் ஆக்கக் கேடுகளோடும் பின்னிக் கிடக்குமாயின், அவன் கையிலே இருந்தது எழுத்தாணியா பந்தா என்று நோக்குதல் வேண்டா. லித்துவேனியர் தம் கூடைப்பந்தாட்டத்தின் பாட்டனார் என்று போற்றும் பிரானாஸ் லூபினாஸ் என்பார் அத்தகையவர். அந்நாட்டு மண்ணிலே பிறவாத அவர், அந்நாட்டு மக்களின் பெருமைக்குரியவராய் ஆயினமை சிந்திக்கத்தக்கது.

லித்துவேனியா, போல்ற்றிக் கடலின் கீழ்க்கரையிலே உள்ள சிறு நாடு. லத்வியாவும் எஸ்தோனியாவும் அதற்கு வடக்கே உள்ளன. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நாட்டின் பெரும்பகுதி உருசியப் பேரரசின் கீழ்ச் சென்றது. 1863ஆம் ஆண்டிற் கிளர்ச்சியொன்று எழ, அதனை அடக்கிய அரசாங்கத்தார் அம்மக்களின் மொழிமீது கைவைத்தனர். லித்துவேனிய மொழியை இலத்தீன் எழுத்தில் அச்சிடலாகாது என்னும் தடை 1864ஆம் ஆண்டு முதல் 1904ஆம் ஆண்டு வரை நாற்பது ஆண்டுகள் நிலவியது. அந்நாளில் லித்துவேனிய நூல்கள் எல்லைக்கு அப்பால் ஜேர்மானிய ஆட்சிக்குட்பட்ட கிழக்குப் பிரசியாவில் அச்சாயின. பிடிபட்டாற் சிறைவாசமும் நாடுகடத்தலும் நேரும் என்று அறிந்தும், குடியானவர் பலர் அவற்றை இரவோடிரவாக எல்லை கடத்திச் சுமந்து வந்தனர். புத்தகம் சுமப்போர் என்பதே அவர்க்கு வழங்கிய பெயர். நூலுக்காக உயிரைப் பணயம் வைத்த அம்மக்களை நினைக்குந்தோறும், மொழி கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட என் போன்றார்க்கு அவர்மீது தனி அன்பு தோன்றுகின்றது.

அன்றியும், அம்மொழியே ஆராய்ச்சியாளர் போற்றும் அருமையுடையது. இன்று பேச்சு வழக்கிலுள்ள இந்தோ ஐரோப்பிய மொழிகளுள் பழமையை மிகவும் பேணி நிற்பது அது என்பர். வடமொழியிற் சூனு எனப்படும் மகன் அங்கே சூனுஸ். தூமம் அங்கே தூமாஸ். அக்கினி அங்கே உக்னிஸ். நாம் சொப்பனம் என்று வழங்குவது அங்கே சப்னாஸ். வடமொழி பயின்றார் எவரும் இவற்றைக் கண்டு மகிழாதிரார். பெயர்ச் சொற்கள் ஏழு வேற்றுமைகளிலும் ஈறு திரிந்து நடக்கும். ஆண்பாற் பெயர்கள் பெரும்பாலும் ஆஸ், இஸ், உஸ் என்னும் ஈறுகளுள் ஒன்றைப் பெற்று வரும். இந்த ஈற்றைப் பற்றிப் பின்னும் கூறவேண்டியிருத்தலின், அன்பர்கள் இதனை நினைவிற் கொள்க.

அடக்குமுறையும், நிலமின்மையும், உருசியப் படைக்குக் கட்டாயமாக ஆளெடுத்தலும் ஒருங்கு சேர்ந்து நெருக்கவே, அம்மக்கள் திரள்திரளாகக் கப்பலேறி அமெரிக்கா சென்றனர். பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் சிக்காக்கோவின் இறைச்சிச் சாலைகளிலும் கூலிக்கு உழைத்தனர். ஒரு சிலர் மேற்குக் கரையை நாடினர். அவ்வாறு கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த குடும்பம் ஒன்றிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், 1910ஆம் ஆண்டு தை மாதம் 7ஆந் திகதி நம் சரித நாயகர் பிறந்தார். வீட்டார் இட்ட பெயர் பிரானாஸ் என்பது. ஆங்கில நாவுக்கு அது பிராங்க் ஆயிற்று. லூபினாஸ் என்னுங் குடும்பப் பெயரும் தன் ஈற்றை உதிர்த்து லூபின் ஆயிற்று. புலம்பெயர்ந்தோர் பெயர்க்கு நேரும் இயல்பான கதியே இது. கடல் கடந்த பெயர் முதலில் இழப்பது தன் இலக்கணத்தை.

பிராங்க் லூபின் வளர்ந்து ஆறடி ஏழங்குல உயரம் உடையரானார். இக்காலத்துக் கூடைப்பந்து அரங்குகளில் அவ்வுயரம் பெரிதன்று. 1930ஆம் ஆண்டை அடுத்த காலத்திலோ அது காண்போர் திரும்பி நோக்கும் உயரம். அதன் பயனை உணர்வதற்கு அக்காலத்து ஆட்டமுறையைச் சிறிது அறிதல் வேண்டும். கூடைப்பந்தாட்டம் 1891ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியராற் படைக்கப்பட்டது. பனிக்காலத்தில் வெளியே விளையாட இயலாத மாணவர்க்காக, பழம் இடும் கூடைகள் இரண்டினை மாடத்திலே அறைந்து, பதின்மூன்று விதிகளை வகுத்து அவர் ஆட்டத்தைத் தொடங்கினார். 1930களின் நடுப்பகுதி வரை, ஒருமுறை பந்து கூடையில் விழுந்ததும் அதனை மீண்டும் ஆடுகளத்தின் நடுவே கொணர்ந்து, எதிரெதிர் நிற்கும் இருவர்க்கிடையே மத்தியஸ்தர் மேலே எறிவது வழக்கம். எம்பி அதனைத் தட்டுவோனின் அணியே பந்தைப் பெறும். ஆகவே நடுவில் நிற்பவன் நெடியவனாயின் அவ்வணிக்கு ஆதாயம் அளவிறந்தது. இத்தனை நொடிக்குள் எறிந்தாக வேண்டும் என்னும் கட்டுப்பாடும் அந்நாளில் இல்லை. முந்திய அணி பந்தைத் தன்னகத்தே வைத்துக் காலம் போக்கலாம். எனவே ஓர் ஆட்டத்தில் இருபது முப்பது புள்ளிகள் பெறுவதே பெரிதாயிருந்தது.

லூபின் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற் பயின்றபோது அதன் அணியில் ஆடிப் பெயர் பெற்றார். பின்னர் யூனிவேர்சல் படக் கம்பனியாரின் அணியிற் சேர்ந்தார். அந்நாளில் அமெரிக்காவிலே பெரிய கம்பனிகள் தத்தம் பெயரால் அணிகளை நடத்தின. ஆட்டத்திற்கெனச் சம்பளம் பெறுவோர் ஒலிம்பிக் போட்டியிற் புகலாகாது என்ற விதி இருந்தமையால், ஆட்டக்காரர்கள் அக்கம்பனிகளின் வேலையாட்களாகவே ஊதியம் பெற்றனர். லூபினும் படப்பிடிப்புத் தளங்களில் உடலுழைப்பு வேலை செய்தவரே. பிராங்கன்ஸ்ரைன் என்னும் கதையை அக்கம்பனியார் 1931ஆம் ஆண்டிற் படமாக்கியிருந்தனர். அதில் வரும் பூத உருவத்தின் வேடத்தை நெடிய உடலினராகிய லூபினுக்கு இட்டு, ஆட்டம் காண வந்தோரை மகிழ்விப்பதும் உண்டு. அவர் அதனைப் பொறுத்துக் கொண்டார். வருவாய் அருகிய பொருளாதார மந்த காலம் அது.

1936ஆம் ஆண்டு பேர்லின் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலேதான் கூடைப்பந்து முதன்முதலாகப் பதக்கத்திற்குரிய ஆட்டமாக ஏற்கப்பட்டது. அமெரிக்க அணியைத் தெரிவதற்கு நியூயோர்க் நகரிலே தேர்வுப் போட்டி நிகழ, யூனிவேர்சல் அணி, கன்சாஸ் மாநிலத்து மக்பேர்சன் எண்ணெய்க் கம்பனி அணியை 44க்கு 43 என ஒரே ஒரு புள்ளியால் வென்றது. இரு அணியிலிருந்தும் ஆட்டக்காரரைத் தெரிந்து பதினால்வர் கொண்ட அணி அமைத்தனர். ஏழுபேர் கொண்ட இரு பகுதியாக அவர்கள் மாறி மாறி ஆடினர். பேர்லினில் ஆட்டம் மேற்கூரையில்லாத வெளியிலே, ரெனிஸ் ஆடும் களிமண் தரையிலே நிகழ்ந்தது. ஆவணி 14ஆந் திகதி இறுதியாட்டத்தின்போது மழை கொட்டிற்று. தரை சேறாயிற்று, பந்து துள்ள மறுத்தது. அந்நிலையில் அமெரிக்கா கனடாவை 19க்கு 8 என வென்றது. ஆட்டத்தைப் படைத்த நெய்ஸ்மித் முதியவராய் அவ்விழாவுக்கு வந்திருந்து வெற்றி பெற்றோரைச் சிறப்பித்தார். கூடைப்பந்துக்கென ஒலிம்பிக்கில் வழங்கிய முதற் பொற்பதக்கம் பெற்ற அணியில் ஒருவராக லூபின் விளங்கினார்.

இவ்வளவோடு அவர் கதை முடிந்திருப்பின் அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் ஒரு வரியாக நின்றிருக்கும். அதற்கு வேறு போக்கு அமைந்தது பேர்லினிலேதான். அவர் லித்துவேனியர் வழிவந்தவர் என்பதை அறிந்த லித்துவேனிய விளையாட்டுத்துறையினர், தம் நாட்டைக் கண்டு செல்லுமாறு அழைத்தனர். அவர் மனைவியுடன் சென்றார். பெற்றோர் விட்டுப்போன நாட்டை மைந்தன் தன் இருபத்தாறாம் வயதிலே முதன்முதற் கண்டார்.

அவர் கண்ட லித்துவேனியா, 1918ஆம் ஆண்டில் விடுதலை பெற்றுப் பதினெட்டே ஆண்டுகள் ஆன நாடு. மக்கட்டொகை ஏறத்தாழ 25 இலட்சம். பழந் தலைநகராகிய வில்னியஸ் 1920ஆம் ஆண்டு முதற் போலந்தார் கையிலிருந்தமையால், கௌனாஸ் என்னும் நகரே இடைக்காலத் தலைநகராயிருந்தது. அங்கே கூடைப்பந்து அறியாத ஆட்டமன்று. இளமையில் அமெரிக்கா சென்று வளர்ந்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையிற் பொருது, 1920ஆம் ஆண்டிற் தாய்நாடு திரும்பிய ஸ்தெப்போனாஸ் தாரியுஸ் என்னும் விமானியே அவ்வாட்டத்தை அங்கே பரப்பினோருள் முதன்மையானவர். 1926ஆம் ஆண்டில் அவ்வாட்டம் பற்றி லித்துவேனிய மொழியில் நூலும் எழுதினார். அப்பெரியார் 1933ஆம் ஆண்டில் நண்பர் ஒருவருடன் சிறு விமானமொன்றில் நியூயோர்க்கிலிருந்து கௌனாஸ் நோக்கிப் புறப்பட்டு, அத்திலாந்திக் மாகடலைக் கடந்தும், ஊர் சேர ஏறத்தாழ 650 கிலோமீற்றர் எஞ்சியிருக்கையில் விமானம் வீழ்ந்து மாண்டார். அவர் விதைத்த விதை முளைத்திருந்ததேயன்றி வளம்பெறவில்லை. அண்டை நாடாகிய லத்வியா 1935ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நடந்த முதல் ஐரோப்பியச் சுற்றுப்போட்டியில் வாகை சூடியது. லித்துவேனிய அணியோ அயலாரிடம் தோற்றுத் தோற்று மனம் நைந்திருந்தது.

லூபின் அங்கே சில மாதங்கள் தங்கி இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார். பந்தைப் பிடிக்குமாறும், ஓடுங்கால் ஒருவர்க்கொருவர் கொடுக்குமாறும், கூடையினருகே உடலை நிறுத்தித் திரும்புமாறும் எல்லாம் அடிப்படையிலிருந்து கற்பிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவிற் பல ஆண்டு பயின்ற வித்தையை அரிச்சுவடியாகப் பிரித்துக் கொடுப்பது எளிய செயலன்று. வல்லவன் எல்லாம் ஆசிரியனாதல் இல்லை என்பதை எம் தொழிலிலுள்ளோர் அறிவர். இக்காலத்திலேதான் அவர் பெயர் தன் பழைய உருவத்தை மீளப் பெற்றது. லித்துவேனியர் பிறநாட்டார் பெயர்க்கும் ஈறு கூட்டியே வழங்குவர். ஈறில்லாத பெயர் அவர் மொழியில் வேற்றுமை ஏற்று நடவாது. ஆயின் இவர்க்குக் கூடியது இரவல் ஈறன்று. கடலைக் கடந்தபோது உதிர்ந்த ஈறே திரும்பி வந்து பொருந்திற்று. பிராங்க் லூபின் பிரானாஸ் லூபினாஸ் ஆனார். இலக்கணத்தாற் கூறின், அவர் இப்போது அந்நாட்டு வாக்கியத்தில் எழுவாயாக நிற்கத் தகுதி பெற்றார்.

அவர் அமெரிக்கா மீண்டபின், 1937ஆம் ஆண்டு வைகாசி மாதம், லத்வியாவின் தலைநகராகிய றீகாவில் இரண்டாம் ஐரோப்பியச் சுற்றுப்போட்டி நடந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பெலிக்சாஸ் கிறியாவுச்சூனாஸ், பிரானாஸ் தல்சூனாஸ் முதலியோர் உள்நாட்டு இளைஞருடன் சேர்ந்து ஆடினர். எவரும் எதிர்பாராவாறு லித்துவேனியா இறுதியாட்டத்தில் இத்தாலியை 24க்கு 23 என வென்று ஐரோப்பிய வாகையை எய்திற்று. செய்தி கேட்ட நாடு ஆரவாரித்தது. ஊர்தோறும் கம்பங்கள் நட்டுக் கூடைகள் கட்டப்பட்டன. சிறுபான்மையோர் ஆடிய ஆட்டம் நாட்டின் ஆட்டமாயிற்று. வாகை சூடிய நாடே அடுத்த போட்டியை நடத்தும் பொறுப்பையும் ஏற்றது. அதற்கென அனதோலியுஸ் றோசன்புளியூமாஸ் என்னும் பொறியியலாளர் கௌனாசிலே விளையாட்டு மண்டபமொன்றை வகுத்தார். சில மாதங்களுள் எழுந்து 1939ஆம் ஆண்டில் முடிவுற்ற அம்மண்டபம், ஐரோப்பாவிற் கூடைப்பந்துக்கெனவே கட்டிய மண்டபங்களுள் முதலாவது என்பர்.

லூபினாஸ் 1938ஆம் ஆண்டில் மீண்டும் லித்துவேனியா வந்தார். இம்முறை அவர் விருந்தினரல்லர். அணியின் ஆட்டக்காரரும் பயிற்றுநரும் அவரே.

இவ்விடத்தில் அக்காலத்து அரசியலை ஒருவாறு சுட்டாது மேற்செல்லல் முறையன்று. 1939ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஹிட்லரின் அரசாங்கம் இறுதி எச்சரிக்கை விடுத்து, லித்துவேனியாவுக்கு இருந்த ஒரே பெருந் துறைமுகமாகிய கிளைப்பேடாவை வாங்கிக் கொண்டது. பழந் தலைநகர் முன்னரே போயிற்று. இப்பொழுது கடல்வாயிலும் போயிற்று. இரண்டு திங்கள் கழித்து, வைகாசியில், கௌனாஸ் மண்டபத்திலே எட்டு நாட்டு அணிகள் கூடின. வல்லரசுகள் முன் வாய்மூடி நிற்க நேர்ந்த சிறு மக்கட் கூட்டம் ஒன்றுக்கு, எல்லோர்க்கும் ஒரே விதி, ஒரே அளவான களம், ஒரே மத்தியஸ்தர் என்னும் நிலை வேறெங்கும் கிட்டவில்லை, ஆடுகளத்திலே கிட்டியது. அம்மக்கள் அவ்வாட்டத்தின்மீது வைத்த பெருங்காதலுக்கு இதுவே காரணம் என்பது என் துணிபு.

லத்வியாவுடன் ஆடிய ஆட்டமே அச்சுற்றுப்போட்டியின் உயிர். முதல் வாகை சூடிய அணி அது. இது அதனை அடுத்து வாகை சூடிய அணி. புள்ளிகள் மாறி மாறி ஏறின. காலம் முடியும் தறுவாயில் லத்வியா ஒரு புள்ளி முன்னே நின்றது. கடைசி நொடிகளில் பந்து லூபினாஸ் கைக்கு வந்தது. அவர் எறிந்த பந்து கூடையில் விழ, 37க்கு 36 என வெற்றி லித்துவேனியாவுக்கு ஆயிற்று. அதன்பின் எதிர்த்து நின்றார் இலர். பின்லாந்து அணியை 112க்கு 9 என்று வென்றமை ஒன்றே அவ்வணியின் ஆற்றலைக் காட்டும். ஏழு ஆட்டத்திலும் வென்று லித்துவேனியா இரண்டாம் முறை ஐரோப்பிய வாகை சூடியது. லத்வியா இரண்டாம் இடமும் போலந்து மூன்றாம் இடமும் பெற்றன.

அயல்நாட்டார்க்கு இவ்வெற்றியில் மனக்குறை இருந்தது. அதனை மறைத்தல் வரலாற்றுக்கு அடாது. லத்வியரும் எஸ்தோனியரும் தம் மண்ணிற் பிறந்து வளர்ந்த இளைஞரைக் கொண்டு பல ஆண்டு முயன்று அணியமைத்தனர். லித்துவேனியரோ ஆட்டம் பிறந்த நாட்டிலே முதிர்ந்த ஆட்டக்காரரைக் கப்பலில் வருவித்தனர். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டின் பொருட்டுப் பதக்கம் பெற்றவர் மூன்று ஆண்டுக்குள் வேறு நாட்டின் பொருட்டு ஆடலாமோ என்று அவர் வினவியது தகாத வினாவன்று.

இதற்கு விடை கூறுங்கால் இரண்டு செய்திகளை நோக்குதல் வேண்டும். முதலாவது, அம்மக்கள் அமெரிக்கா சென்றமை உல்லாசத்தின் பொருட்டன்று. மொழி ஒறுக்கப்பட்டு, நிலமின்றி, பிழைப்புத் தேடிப் போனோர் அவர். துரத்தப்பட்டவனின் மகன் திரும்பி வருவதனை அயலான் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தியதோடு ஒப்பிடலாகாது. இரண்டாவது, லூபினாஸ் ஆடிக் கொடுத்ததோடு அமையாது கற்றும் கொடுத்தார். லெயோனாஸ் பால்த்ரூனாஸ், செனோனாஸ் புசினவுஸ்காஸ், ஆர்த்தூராஸ் அந்திரூலிஸ் முதலாயினோர் லித்துவேனியாவிலேயே ஆட்டம் பயின்றவர். இரு வாகையிலும் அவர்க்குப் பங்குண்டு. கூலிக்கு வந்தவன் போகும்போது வெற்றியும் அவனுடன் போகும். ஆசிரியன் போனபின்னும் வித்தை நிற்கும். லூபினாஸ் இவ்விருவருள் யார் என்பதைக் காலமே காட்டுதல் வேண்டும். காலம் அதனைக் கொடிய முறையிலே காட்டிற்று.

வாகை சூடிய மூன்று திங்களுள், ஆவணி 23ஆந் திகதி, ஜேர்மனியும் சோவியத் ஒன்றியமும் ஒப்பந்தம் செய்து, இடையே கிடந்த நாடுகளை இரகசியமாகத் தம்முட் பங்கிட்டுக் கொண்டன. ஒரு கிழமை கழித்துப் போர் மூண்டது. லூபினாஸ் குடும்பத்தோடு அமெரிக்கா திரும்பினார். 1940ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் சோவியத் படை லித்துவேனியாவுட் புகுந்தது; 1941ஆம் ஆண்டில் ஜேர்மன் படை; 1944ஆம் ஆண்டில் மீண்டுஞ் சோவியத் படை. கௌனாஸ் நகரத்து யூத மக்களுட் பெரும்பாலோர் நாற்சி ஆட்சியிற் கொல்லப்பட்டனர். ஆயிரமாயிரம் குடும்பங்கள் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டன. அணித் தோழர் சிதறினர். பால்த்ரூனாஸ் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார். ஐரோப்பிய வாகை சூடிய நாடு என்பது வரைபடத்திலேயே இல்லாதொழிந்தது.

லூபினாஸ் லொஸ் ஏஞ்சல்ஸிலே மீண்டும் பிராங்க் லூபின் ஆனார். படக் கம்பனியொன்றின் அணியிலேயே மீண்டும் ஆடினார். இம்முறை அது ருவென்ரியத் சென்ஞ்சுரி பொக்ஸ் கம்பனியின் அணி. அவ்வணி 1941ஆம் ஆண்டில் அமெரிக்க அமெச்சூர் வாகையை வென்றபோது அவர்க்கு வயது முப்பத்தொன்று. ஏனையோர் ஆட்டத்தை விட்டு ஓய்ந்த வயதிலும் அவர் ஆடுகளத்தை விட்டிலர். ஆயினும் இரண்டு நாட்டுக்கும் உரிய அம்மனிதர் அரை நூற்றாண்டுக் காலம் ஒரு நாட்டிலேயே வாழ நேர்ந்தது.

இனி, அவர் கற்பித்தது யாதாயிற்று எனக் காண்போம். 1947ஆம் ஆண்டிற் சோவியத் ஒன்றியம் முதன்முதலாக ஐரோப்பியக் கூடைப்பந்து வாகையை வென்றது. அவ்வணியிலே ஸ்தெப்பாஸ் புத்தவுத்தாஸ், ஜூஸ்தீனாஸ் லகுனாவிச்சியுஸ் முதலிய லித்துவேனியர் இருந்தனர். 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப்பதக்கம் பெற்ற சோவியத் அணியிலும் அவ்விருவர்க்கும் இடமிருந்தது. 1939ஆம் ஆண்டில் அவர்கள் சிறுவர். லூபினாஸ் ஆடியதைக் கண்டும் கேட்டும் நாடே ஆட்டத்திற் பித்தேறியிருந்த காலத்தில் வளர்ந்தவர். அதே கௌனாஸ் மண்டபத்திலே, 1944ஆம் ஆண்டில் தோன்றிய சல்கிரிஸ் என்னும் கழகம் பல்லாண்டு ஆடிற்று. 1410ஆம் ஆண்டில் லித்துவேனியரும் போலந்தாரும் ஒருங்கு பொருது வென்ற பழம் போர்க்களத்தின் பெயரே அக்கழகத்தின் பெயர். 1985, 1986, 1987ஆம் ஆண்டுகளில் அது சோவியத் நாடு முழுவதற்குமான வாகையைத் தொடர்ந்து மும்முறை வென்றது. மொஸ்கோ நகரத்துப் படையணிக் கழகத்தை அது வென்றபோதெல்லாம், வாய்திறந்து சொல்ல இயலாததை அம்மக்கள் கைதட்டிச் சொன்னார்கள். அக்கழகத்திலே வளர்ந்த அர்விதாஸ் சபோனிஸ் உலகின் தலைசிறந்த நடு ஆட்டக்காரருள் ஒருவராகப் போற்றப்பட்டார். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கிற் பொற்பதக்கம் பெற்ற சோவியத் அணியில் லித்துவேனியர் நால்வர் இருந்தனர்.

அரசு போயிற்று; கொடி போயிற்று; வித்தை போகவில்லை. ஒரு நாட்டைக் கைப்பற்றுவோர் கருவூலத்தையும் துறைமுகத்தையும் கைப்பற்றலாம். தந்தை மகனுக்குக் கொல்லையிற் கற்பிக்கும் ஒன்றைக் கைப்பற்றுதல் இயலாது. தடைசெய்த நூல்களை முன்னோர் சுமந்து வந்தவாறே, பின்னோர் பந்தைச் சுமந்தனர் என்று கூறுவது மிகையாகாது.

லித்துவேனியா 1990ஆம் ஆண்டு பங்குனி 11ஆந் திகதி மீண்டும் விடுதலைப் பிரகடனம் செய்தது. 1992ஆம் ஆண்டு பார்சலோனா ஒலிம்பிக்கில் தன் சொந்தக் கொடியின் கீழ் ஆடிய லித்துவேனிய அணி, முன்னாட் சோவியத் நாடுகளின் கூட்டணியை 82க்கு 78 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. பொன்னுமன்று வெள்ளியுமன்று, ஆயினும் அவ்வெண்கலத்தை அந்நாட்டார் பொன்னினும் பெரிதாக மதித்தனர். பேர்லினின் சேற்றில் முதற் பொற்பதக்கம் வென்ற அணியைச் சேர்ந்தவர் அப்போது எண்பத்திரண்டு வயதினராய் கலிபோர்னியாவில் உயிருடன் இருந்தார். பயிர் விளைந்ததைக் காணும் பேறு எல்லா ஆசிரியர்க்கும் வாய்ப்பதில்லை. இவர்க்கு அது வாய்த்தது. ஐம்பத்துமூன்று ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது என்பதே வேறுபாடு.

கலிபோர்னியா மாநிலத்துக் கிளென்டேல் நகரில் 1999ஆம் ஆண்டு ஆடி மாதம் 8ஆந் திகதி, தமது எண்பத்தொன்பதாம் வயதில் அவர் காலமானார். நான்கு ஆண்டு கழித்து, 2003ஆம் ஆண்டில், ஸ்ரொக்ஹோம் நகரிலே லித்துவேனியா மூன்றாம் முறையாக ஐரோப்பிய வாகை சூடியது. 1939ஆம் ஆண்டுக்குப் பின் அறுபத்துநான்கு ஆண்டு கழிந்தே அது கைகூடிற்று.

இரு நாட்டுக்கு ஆடியவர் எந்நாட்டவர் என்று இன்றும் வினவுவோர் உளர். அமெரிக்கா அவரை வளர்த்தது. வளர்த்த நாட்டுக்கு அவர் பொற்பதக்கத்திற் பங்கு தந்தார். லித்துவேனியா அவர் பெற்றோரைப் பெற்றது. அந்நாட்டுக்கு அவர் வித்தையைத் தந்தார். ஒன்றுக்குக் கொடுத்ததை மற்றொன்றிலிருந்து அவர் திருடவில்லை. இரு கடனும் தீர்த்தவனை இரு நாட்டார்க்கும் உரியவன் என்று கொள்வதே அறம்.

ஒரு சொல்லைப் பற்றிய செய்தியோடு இதனை நிறைவு செய்கின்றேன். நாம் ஆட்டக்காரரை விளையாட்டு வீரர் என்று அழைக்கின்றோம். வீரன் என்பது வடமொழி வீர என்னுஞ் சொல்லோடு இயைந்தது. அச்சொல்லின் உடன்பிறப்பு லித்துவேனிய மொழியிலும் உண்டு. வீராஸ் என்பது அது. ஆயின் அங்கே அதற்கு வாளும் வெற்றியும் பொருளல்ல. வளர்ந்த ஆடவன், இல்லறத்தான், வெறும் மனிதன் என்பதே பொருள். பிரானாஸ் லூபினாஸ் என்பாரை அவ்விரு பொருளிலும் அச்சொல்லால் அழைக்கலாம்.